"வெக்டரா மாத்திக் குடுங்க": ஒரு தேயிலைத்தூள் பக்கட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

"தம்பி, இந்த லோகோவ வெக்டரா மாத்திக் குடுத்துருங்க. பிரிண்டிங் கடையில கேக்குறாங்க."

ஹட்டனில் டிசைன் வேலை செய்கிற எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வரும். கூடவே ஒரு படம் வரும். பெரும்பாலும் அது பழைய விசிட்டிங் கார்டைப் போனில் எடுத்த படமாக இருக்கும். கேட்பவருக்கு வெக்டர் என்றால் என்னவென்று தெரியாது. அது அவர் குற்றமில்லை. கேட்கச் சொன்ன கடையிலும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். சில இடங்களில் டிசைன் செய்பவர்களே அந்தப் படத்தை ஒரு பிடிஎப் கோப்பாக்கி, "இந்தாங்க வெக்டர்" என்று கொடுத்துக் காசு வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் போர்டை இரண்டு தடவை அடித்து நஷ்டப்படுவது சின்ன வியாபாரிதான். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்.

உதாரணத்துக்குத் தலவாக்கலையில் இருக்கிற ஒரு அக்காவின் வேலையை எடுத்துக்கொள்கிறேன். அவர் தேயிலைத்தூளை மொத்தமாக வாங்கி, சின்னச் சின்னப் பக்கட்டில் அடைத்துப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். பல வருடமாக ஒரே பக்கட்தான்: கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம், அதற்குக் கீழே பச்சை எழுத்து. இப்போது கண்டி, கொழும்புப் பக்கமும் போட நினைக்கிறார். அதற்குப் புதிய பக்கட் வேண்டும், கடைவாசலில் எட்டு அடி போர்ட் வேண்டும், சரக்கு ஏற்றுகிற ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் வேண்டும், பில் புத்தகத்துக்கு ரப்பர் சீல் வேண்டும். வியாபாரத்தின் முகத்தை இப்படி மொத்தமாகப் புதுப்பிப்பதைத்தான் ரீபிராண்டிங் என்கிறார்கள்.

கட்டம் கட்டமாக ஒரு படம்

பள்ளிக்கூடத்தில் தையல் பாடம் படித்தவர்களுக்குக் குறுக்குத் தையல் நினைவிருக்கும். கட்டம் போட்ட துணியில் ஒரு கட்டத்துக்குச் சிவப்பு நூல், அடுத்ததற்குப் பச்சை நூல் என்று நிரப்பிக்கொண்டே போவோம். தள்ளி நின்று பார்த்தால் ரோஜாப்பூ. கிட்டப் போனால் பூவைக் காணோம், கட்டங்கள்தான் இருக்கும்.

போனில் எடுக்கிற புகைப்படமும் இதே வேலைதான். அந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் பிக்சல் என்று பெயர். பிக்சல்களை வரிசையாக அடுக்கிச் சேமித்த படம் ராஸ்டர் படம். ஜேபெக், பிஎன்ஜி கோப்புகள் எல்லாம் இந்த இனம்.

ராஸ்டர் கோப்புக்குள் "ரோஜா" என்று எதுவும் எழுதியிருக்காது. முதல் கட்டம் இந்த நிறம், இரண்டாம் கட்டம் இந்த நிறம் என்ற நீளமான பட்டியல் மட்டும்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கச் சொன்னால் கணினி என்ன செய்யும்? இருக்கிற கட்டத்தையே பெரிசாக்கும்; படம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து இடையில் என்ன நிறம் இருக்கும் என்று ஊகித்து நிரப்பும், படம் மங்கிவிடும்.

அக்கா அனுப்பிய படத்தின் அகலம் 400 பிக்சல். எட்டு அடி என்றால் 96 அங்குலம், ஏறக்குறைய 2,440 மில்லிமீற்றர். வகுத்துப் பாருங்கள். ஒரு பிக்சல் 6 மில்லிமீற்றர் வரும், ஒரு பெரிய மிளகு அளவு. படத்திலுள்ள பெண்ணின் கண் இரண்டு மிளகில் முடிந்துவிடும். நல்ல அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது அங்குலத்துக்கு 300 பிக்சல். அந்தக் கணக்கில் இந்தப் படத்தை 1.3 அங்குல அகலத்துக்குத்தான் அடிக்கலாம். தீப்பெட்டியை விடச் சின்னது. தூரத்தில் நின்று பார்க்கிற போர்டுக்கு 300 தேவையே இல்லை, மிகக் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் இங்கே கையில் இருப்பது அங்குலத்துக்கு 4.

கோலம் போடத் தெரிந்தவருக்கு வெக்டர் தெரியும்

மார்கழியில் லயத்து வாசலில் கோலம் போடுகிற ஒருவர், ஊரில் இருக்கிற தங்கைக்குப் போனில் கோலம் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். "ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி." அவ்வளவுதான். அந்தப் பக்கம் தங்கை புள்ளி வைத்துவிடுவார். பிறகு, "மேல் வரிசையில முதல் புள்ளியைச் சுத்தி வந்து, ரெண்டாவதுக்குக் கீழ போ" என்று இழை இழையாகப் போகும். கோலமாவில் ஒரு பொட்டுக்கூடப் போன் வழியாகப் போகவில்லை. போனது குறிப்பு மட்டும்தான். ஆனாலும் கோலம் அங்கே அப்படியே விழுந்துவிட்டது.

வெக்டர் படம் என்பது இந்தக் குறிப்புதான். இங்கே தொடங்கு, அங்கே போ, இப்படி வளை, தொடங்கிய இடத்துக்கே வந்து மூடு, உள்ளே இந்தப் பச்சையை நிரப்பு. கோப்புக்குள் இருப்பது இந்த மாதிரி வாக்கியங்களும் எண்களும்தான். நிறக் கட்டங்கள் கிடையாது.

பெரிதாக்கினால் ஏன் கெடுவதில்லை என்பதும் கோலத்திலேயே இருக்கிறது. வாசலில் போட்ட அதே கோலத்தைக் கோயில் முன்றலில் பெரிதாகப் போட வேண்டுமென்றால் யாரும் பழைய கோலத்தை இழுத்து நீட்டுவதில்லை. புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் புதிதாகப் போடுகிறோம். குறிப்பு அதேதான். கோடு முன்பு போலவே தெளிவாக விழும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிற ஓர் இடம் இருக்கிறது. வெக்டர் படத்தில் பிக்சலே வராது என்று நினைக்கிறார்கள். திரையும் அச்சு இயந்திரமும் கடைசியில் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும், வேறு வழி அவற்றுக்கு இல்லை. ஆனால் வெக்டராக இருந்தால், கேட்ட அளவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு தடவையும் புள்ளிகள் புதிதாகக் கணக்கிடப்படும். ஒரு சென்ரிமீற்றர் சீலுக்கு ஒரு கணக்கு, எட்டு அடி போர்டுக்கு ஒரு கணக்கு. குறிப்பு கையில் இருப்பதால்தான் அது முடிகிறது.

வளைவு எப்படிப் பிறக்கிறது

கோலத்தில் வளைவைக் கை பார்த்துக்கொள்ளும். கணினிக்குக் கை இல்லை. வளைவை எண்ணால் சொல்வது எப்படி?

நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கமாகக் கீழே இறங்குகிற பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குள் பஸ் எந்தத் திசையைப் பார்த்து நுழைகிறது, எந்தத் திசையைப் பார்த்து வெளியே வருகிறது என்று தெரிந்தால், நடுவில் பாதை எப்படித் திரும்பியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நுழைந்த திசையிலேயே ரொம்ப தூரம் போய்த் திரும்பினால் வளைவு அகலமாக வீங்கும். சீக்கிரமே திரும்பினால் இறுக்கமாக இருக்கும்.

வெக்டரில் வளைவு தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் நங்கூரப் புள்ளிகள். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோடு கைப்பிடி. கைப்பிடியின் திசை, பஸ் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று சொல்லும். அதன் நீளம், அந்தத் திசையை எவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லும். நங்கூரப் புள்ளிகளையும் வளைவுகளையும் சேர்த்துக் கட்டிய முழுக் கோட்டுக்குப் பாதை என்று பெயர்.

கணினி உள்ளே செய்கிற கணக்கைப் பென்சிலாலேயே செய்து பார்க்கலாம். செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை. தாளில் நான்கு புள்ளி வையுங்கள்: தொடக்கப் புள்ளி, அதன் கைப்பிடி நுனி, முடிவுப் புள்ளியின் கைப்பிடி நுனி, முடிவுப் புள்ளி. வரிசையாக இணைத்தால் மூன்று கோடு வரும். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு புள்ளி வையுங்கள். அந்த மூன்றையும் இணைத்தால் இரண்டு கோடு. அவற்றின் நடுவில் ஒவ்வொரு புள்ளி. அந்த இரண்டையும் இணைத்தால் ஒரே ஒரு கோடு. அதன் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ, வளைவு சரியாக அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகும். நடுவுக்குப் பதிலாக எல்லாக் கோட்டிலும் கால்வாசித் தூரத்தில் வைத்துச் செய்தால் வளைவின் இன்னொரு புள்ளி கிடைக்கும். முக்கால்வாசியில் மற்றொன்று. இப்படி நெருக்கி நெருக்கி வைத்தால் முழு வளைவும் தாளில் எழுந்து வரும். முதல் தடவை நான் இதைச் செய்து பார்த்தபோது, இத்தனை நாள் மௌஸில் இழுத்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வழி பிரான்சில் கார் செய்கிற இடத்தில் பிறந்தது. கார்க் கதவின் வளைவைத் தொழிற்சாலை முழுக்க ஒரே மாதிரி எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுடைய சிக்கல். 1959 இல் சிட்ரோவன் கம்பனியில் பால் த காஸ்தெல்ஜோ என்ற கணிதவியலாளர் இதைக் கண்டுபிடித்தார். கம்பனி அதை வெளியே விடவில்லை. 1960களில் ரெனோ கம்பனியின் பொறியியலாளர் பியேர் பெசியே தன் வழியில் அதே வளைவுக்கு வந்து சேர்ந்து, அதை வெளியிட்டார். அதனால் பெசியே வளைவு என்று பெயர் நின்றுவிட்டது. 1987 இல் வந்த அடோபி இலஸ்ட்ரேட்டர், 2003 இல் தொடங்கிய, காசில்லாமல் கிடைக்கிற இங்க்ஸ்கேப் என்ற இரண்டு வெக்டர் மென்பொருளும் இந்த வளைவை வைத்துத்தான் வரைகின்றன.

இரண்டு இலை ஒரு மொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டுக்கு இரண்டே நங்கூரப் புள்ளி போதும், அடியில் ஒன்று, நுனியில் ஒன்று. அடிப்புள்ளியின் கைப்பிடிகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகட்டி, நுனிப்புள்ளியின் கைப்பிடிகளைக் குறுக்கிவிட்டால், சுருண்டு கூராக நிற்கிற மொட்டு வந்துவிடும். பழகாதவர்கள் அதே மொட்டுக்கு இருபது புள்ளி வைப்பார்கள். புள்ளி கூடக்கூடக் கோடு தடுமாறும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: ராஸ்டர் என்பது நிறக் கட்டங்களின் பட்டியல். வெக்டர் என்பது வரைவதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பை நங்கூரப் புள்ளிகளாலும் கைப்பிடிகளாலும் எழுதுகிறோம்.

பெயரை மாற்றினால் வெக்டர் ஆகாது

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். அவர் அனுப்பிய படத்தை வெக்டராக "மாத்த" முடியுமா?

ஜேபெக் படத்தை இலஸ்ட்ரேட்டருக்குள் இழுத்துப் போட்டுப் பிடிஎப் என்றோ, வெக்டர் படத்துக்கென்றே இருக்கிற எஸ்விஜி என்றோ சேமித்தால், கோப்பின் பெயர்தான் மாறும். உள்ளே அதே 400 பிக்சல் உட்கார்ந்திருக்கும். கோலத்தைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைக் கோல நோட்டில் ஒட்டி வைப்பது போல. நோட்டு கோல நோட்டுதான், ஒட்டியிருப்பது போட்டோ.

உங்களுக்கு ஒருவர் வெக்டர் என்று ஒரு கோப்பைக் கொடுத்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிடிஎப்பைத் திறந்து ஓர் ஓரத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள். விளிம்பு கத்தி மாதிரி நின்றால் சரி. கட்டமோ மங்கலோ தெரிந்தால் உள்ளே ராஸ்டர்தான். இலஸ்ட்ரேட்டர் இருந்தால் கன்ட்ரோலோடு Y எழுத்தை அழுத்துங்கள், நிறமெல்லாம் போய்ப் பாதைகள் மட்டும் தெரியும். பாதைகளுக்குப் பதிலாக வெறும் செவ்வகம் ஒன்று தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொரு குறுக்குவழி, தானாகவே கோடு பிடிக்கிற இமேஜ் ட்ரேஸ். ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்குகிற எல்லையைத் தேடி, அதன் ஓரமாகக் கணினியே புள்ளி வைத்துக்கொண்டு போகும். இதில் கிடைப்பது உண்மையான வெக்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் எது கூடை, எது அழுக்கு என்று அதற்குத் தெரியாது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறார்கள். ரொம்பச் சுருக்கினால் விளிம்புகளின் ஓரத்தில் பூஞ்சை பிடித்த மாதிரி சின்னச் சின்னக் கறைகள் வரும். கணினி அந்தக் கறையையும் விடாமல் கோடு பிடிக்கும். அக்காவின் படத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே வளைவாக இருக்க வேண்டிய கூடை விளிம்பு, கறையான் அரித்த பலகை மாதிரி வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் சுத்தமாக வரைந்து ஸ்கேன் பண்ணிய படமாக இருந்தால் ட்ரேஸ் ஓரளவு உதவும், அதன் பிறகும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, மறுபடி வரையத்தான் வேண்டும். அதை அக்காவிடம் சொன்னேன். இன்னொரு காரணமும் இருந்தது. பழைய பக்கட்டின் படம் யாருடையது என்று அவருக்கே தெரியாது, அந்தக் காலத்தில் பக்கட் அடித்துக் கொடுத்தவர்கள் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. யாரோ எடுத்த போட்டோவின் மேல் கோடு இழுத்து, அதை நம் லோகோ என்று கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்புவது சரியில்லை.

கூடைக்காரி தூள்

ரீபிராண்டிங் என்றதும் பழையதை எல்லாம் தூக்கிப் போடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அக்காவோடு தலவாக்கலையில் இரண்டு மூன்று கடைகளில் போய் நின்றேன். வாங்க வருகிறவர்கள் யாரும் பக்கட்டில் இருக்கிற பெயரைச் சொல்லவில்லை. "கூடைக்காரி தூள் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். ஒரு சின்னப் பையன் வாயைத் திறக்காமல் படத்தைக் கையால் காட்டினான்.

அப்படியென்றால் இந்த வியாபாரத்தின் பெயர் மக்கள் மனதில் அந்தப் படம்தான். அதைக் கழற்றிவிட்டுக் கொழும்புப் பாணியில் இரண்டு ஆங்கில எழுத்தைப் பின்னிப் போட்டால், தலவாக்கலையில் இருக்கிற வாடிக்கை போய்விடும். பச்சை நிறமும் கூடைக்காரியும் இருக்க வேண்டும், மற்றதையெல்லாம் மாற்றலாம் என்று முடிவு செய்தோம்.

நான் முதலில் வரைந்து கொண்டுபோன பெண்ணை அக்காவின் அம்மா பார்த்தார். தோட்டத்தில் கொழுந்து எடுத்தே வயதானவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கயிறு தோள்ல இல்ல ராசா, தலையில. தோள்ல மாட்டுனா கை எப்புடி ஓடும்?" என்றார். பிறகு எழுந்து நின்று காட்டினார். கயிறு தலையின் மேல்பக்கம் ஏறி, கூடை முதுகில் தொங்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கையாலும் கிள்ளிய கொழுந்தைத் தலையைத் திருப்பாமலே தோளுக்கு மேலாகப் பின்னால் போடுவார்கள். இடுப்பில் படங்கு கட்டியிருக்கும், ஈரச் செடி உடுப்பை நனைக்காமல் இருக்க. நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், பார்க்காத காட்சி இல்லை. ஆனாலும் என் கை வரைந்தது இணையத்தில் கிடக்கிற படங்களில் இருக்கும் பெண்ணைத்தான். அன்று வீட்டுக்கு வந்து முழுவதையும் அழித்துவிட்டுத் தொடங்கினேன்.

தலையிலிருந்து கூடைக்கு இறங்குகிற அந்தக் கயிறு, படத்துக்கே முதுகெலும்பாகிவிட்டது. முகத்தில் கண், மூக்கு எதுவும் வேண்டாம் என்று விட்டேன். பக்கட்டில் அந்த முகம் ஒரு பயற்றம் மணி அளவுதான் வரும், அதற்குள் கண் வைத்தால் மை படிந்து கறையாகத் தெரியும். தலை குனிந்த கோணம், கயிறு, கூடை, நீட்டிய கை. உருவத்தின் வெளிக்கோடே ஆள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

வெக்டரை எந்த அளவுக்கும் மாற்றலாம் என்று மேலே சொன்னேன். அதையே பிடித்துக்கொண்டு, ஒரே படம் எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். கூடையின் பின்னல் எட்டு அடியில் அழகாகத் தெரியும். ரப்பர் சீலில் அதே பின்னல் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகும். கணக்குக்குச் சுருங்கத் தெரியும். மைக்கும் கண்ணுக்கும் எல்லை உண்டு. அதனால் ஒரே உருவத்தை மூன்று விதமாக வரைந்தேன். போர்டுக்குப் பின்னல் முழுக்க. பக்கட்டுக்குக் கூடையில் நான்கே கோடு. சீலுக்கும் வட்ட ஸ்டிக்கருக்கும் பெண்ணே இல்லை, இரண்டு இலையும் மொட்டும் மட்டும். தேயிலை இலையின் விளிம்பில் ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். சீலில் அதையும் எடுத்துவிட்டேன்.

"அப்படியே டீ போர்ட் சிங்கத்தையும் மூலையில சின்னதாப் போட்டுருங்க, எல்லாரும் போடுறாங்க" என்று அக்கா ஒரு தடவை கேட்டார். போட முடியாது. அந்தச் சிங்க லோகோ இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே அடைத்த பக்கட்டுக்கு, அவர்களிடம் அனுமதி எடுத்துத்தான் போடலாம். அதே மாதிரி, புதுப் பெயரையும் படத்தையும் முடிவு செய்கிறபோதே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்வதைப் பற்றி விசாரித்து வைப்பது நல்லது. போர்ட் அடித்த பிறகு இதே பெயர் இன்னொருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடும்.

பனி, நிறம், எழுத்து

மலைநாட்டு வியாபாரம் என்றால் பின்னால் மலையும் பனியும் வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் பனிமூட்டத்துக்காக மங்கல் விளைவைப் போட்டால், வெக்டர் மென்பொருளுக்குள்ளேயே அந்தப் பகுதி பிக்சலாகத்தான் தயாராகும். பெரிதாக்கினால் அங்கே மட்டும் பிசகும். நான் மலைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தட்டையான பட்டைகளாக வெட்டி, பின்னால் போகப் போக வெளிறிய பச்சை கொடுத்தேன். விடியற்காலையில் தூரத்து மலை நமக்குத் தெரிவதும் அப்படித்தானே.

நிறத்தைப் பற்றி ஒன்று மட்டும். திரை வெளிச்சத்தைக் கூட்டி நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம். அச்சு மையைப் படிய வைத்து நிறம் காட்டுகிறது. இளநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. போனில் மின்னுகிற பச்சை அச்சில் அதே மாதிரி வராது. யாரும் ஏமாற்றவில்லை, மையால் அந்தப் பிரகாசத்தைக் கொண்டுவர முடியாது. முதலில் ஒரு பக்கட்டை மாதிரிக்கு அடித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக அடியுங்கள்.

எழுத்துதான் தமிழ் லோகோவில் அதிகம் அடிபடுகிற இடம். என்னிடம் இருக்கிற எழுத்துரு அச்சுக் கடைக் கணினியில் இல்லாவிட்டால் பெயர் வேறு முகத்தில் வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் தமிழே காணாமல் போய் ஆங்கில எழுத்துகள் குவியலாக நிற்கும். பழைய மென்பொருளில் யுனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். இதற்கு வழி, எழுத்தைப் பாதையாக மாற்றிவிடுவது. அதன் பிறகு அது எழுத்து இல்லை, எழுத்தின் உருவம் கொண்ட படம். எந்தக் கணினியிலும் மாறாது. ஆனால் பிழை இருந்தாலும் திருத்த முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஒற்று விடுபட்டிருக்கிறதா என்று இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் வேண்டும். மூன்று மொழியிலும் பெயர் வருகிற நம் ஊர் போர்டில் இதைச் சிங்கள எழுத்துக்கும் செய்ய வேண்டும்.

கோட்டுத் தடிப்பிலும் ஒரு பொறி உண்டு. கயிறு மாதிரி வெறும் கோடாக வரைந்ததைப் பெரிதாக்கும்போது, மென்பொருளில் ஒரு தெரிவு சரியாக இல்லாவிட்டால் படம் மட்டும் பெரிதாகிக் கோடு பழைய தடிப்பிலேயே நிற்கும். எட்டு அடி போர்டில் அந்தக் கயிறு நூலாகிவிடும். கொடுப்பதற்கு முன் கோடுகளையும் நிரப்பிய உருவங்களாக மாற்றிவிட்டால் இந்தப் பயம் இல்லை.

கையில் வாங்க வேண்டியது

டிசைன் செய்கிறவரிடம் "லோகோ குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்துகளைப் பாதையாக்கிய பிடிஎப், இணையத்துக்கு எஸ்விஜி, பேஸ்புக்குக்கும் போனுக்கும் பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரே நிறத்தில் ஒரு வடிவம் என்று கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பையும் அதன் உரிமையையும் யார் வைத்துக்கொள்வது என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். டொகியூமென்ட் என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

அக்காவின் கோப்புகளில் முதலில் போனது ஆட்டோ ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வெட்டுகிற இயந்திரம் அச்சடிப்பதில்லை. சின்னக் கத்தி ஒன்று நாம் வரைந்த பாதையிலேயே நடந்து போகும். அதற்கு வெக்டர் இல்லாவிட்டால் எங்கே போவது என்றே தெரியாது. வெட்டுகிற தம்பி மத்தியானம் போன் எடுத்தார். "அண்ணே, மொட்டு மட்டும் உரியும்போது கிழியுது." கோப்பைத் திறந்து அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொட்டின் பாதை மூடவில்லை. தொடக்கமும் முடிவும் முடியளவு விலகி நின்றன. பச்சை நிரப்பியிருந்ததால் திரையில் அந்த இடைவெளி தெரியவே இல்லை, கத்தி மட்டும் அந்த முடியளவு இடத்தை வெட்டாமல் விட்டுவிட்டது. இரண்டு நுனியையும் சேர்த்து, டொகியூமென்ட்டாக அனுப்பினேன். சாயங்காலம் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார்: ஆட்டோவின் பின்கண்ணாடியில் இரண்டு இலை, நடுவில் மொட்டு முழுசாக.